விற்ற எண்ணிக்கையும் மாறிய வழக்கமும்

பொதுச் சுகாதாரத்துக்கான சமூகச் சந்தைப்படுத்தல் திட்டங்களின், அதாவது வணிக விற்பனை உத்திகளைக் கொண்டு மக்களின் வழக்கத்தை மாற்ற முயலும் திட்டங்களின், ஆண்டறிக்கைகளைப் படிப்பதும் அவ்வப்போது எழுதித் தருவதும் என் பிழைப்பின் ஒரு பகுதி. அவற்றில் பெரும்பாலானவற்றின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஓர் எண் இருக்கும்: இத்தனை லட்சம் ஆணுறைகள் விற்பனையாயின, இத்தனை லட்சம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன, விளம்பரம் இத்தனை கோடிப் பேர் கண்ணில் பட்டது. அந்த எண் பொய்யாக இருப்பது அரிது. திட்டத்தை நடத்தியவர்கள் எவ்வளவு உழைத்தார்கள் என்பதை அது சரியாகவே சொல்லிவிடும்; யாருக்காகத் திட்டம் தொடங்கப்பட்டதோ அவர்களுடைய வழக்கத்தில் ஏதாவது மாறியதா என்று கேட்டால் மட்டும் வாய் திறக்காது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து சொல்வதற்குத்தான் கண்காணிப்பும் மதிப்பீடும் இருக்கின்றன. நடைமுறையிலோ முதல் எண்ணை அழகாக வரைபடமாக்கித் தருவதோடு பல மதிப்பீடுகள் நின்றுவிடுகின்றன.

இந்தத் துறையின் பிறப்பிலேயே இதற்கான காரணத்தின் ஒரு பாதி இருக்கிறது. சோப்பு விற்கும் உத்திகளைக் கொண்டு நல்ல சமூகக் கருத்துகளையும் விற்க முடியாதா என்ற கேள்வியை அமெரிக்க ஆய்வாளர் ஜி. டி. வீபே 1950களின் தொடக்கத்தில் எழுப்பினார். 1971இல் சந்தைப்படுத்தல் பேராசிரியர்களான பிலிப் கோட்லரும் ஜெரால்டு சால்ட்மனும் அதற்குச் சமூகச் சந்தைப்படுத்தல் என்று பெயரிட்டு இலக்கணம் வகுத்தார்கள். பெயர் வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்: இந்திய அரசு 1968இல் நிரோத் ஆணுறையை, தேநீர், சோப்பு, சிகரெட் போன்றவற்றை மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்துக்கொண்டிருந்த தனியார் நிறுவனங்களின் விநியோக வலையின் வழியாக, மானிய விலையில் விற்கத் தொடங்கியது. வணிகத்திலிருந்து வந்த முறை என்பதால் வணிகத்தின் கணக்குப் புத்தகமும் கூடவே வந்துவிட்டது. சோப்பு நிறுவனத்துக்கு விற்பனையே இறுதி விடை. வாங்கியவர் அதைக் கொண்டு குளித்தாரா, அலமாரியில் வைத்தாரா என்பது அந்த நிறுவனத்தின் கவலையன்று. சுகாதாரத் திட்டத்துக்கோ கவலை தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

விற்பனைக் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 'விற்பனை' என்று பதிவாவது பெரும்பாலும் திட்டக் கிடங்கிலிருந்து மொத்த வியாபாரிக்குச் சரக்கு நகர்ந்த கணக்கு. அங்கிருந்து சில்லறைக் கடைக்கும், கடையிலிருந்து வாங்குபவர் கைக்கும், கையிலிருந்து பயன்பாட்டுக்கும் இன்னும் மூன்று தாண்டல்கள் இருக்கின்றன. கடைகளைப் பார்வையிடும் ஆய்வாளர்களிடம் நான் தவறாமல் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு: பொருள் கடையில் இருக்கிறதா என்று படிவத்தில் குறித்துவிட்டு நகராமல், முன்வரிசையில் ஒரு பொட்டலத்தையும் பின்வரிசையில் ஒரு பொட்டலத்தையும் எடுத்து, இரண்டிலும் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். இரண்டும் அண்மைக்காலத்தவை என்றால் சரக்கு ஓடுகிறது. முன்னால் இருப்பது இரண்டு ஆண்டுப் பழையது, அட்டையில் தூசி படிந்திருக்கிறது, விலைச்சீட்டின் மை வெளுத்துவிட்டது என்றால், காலாண்டு இலக்கை எட்டுவதற்காக யாரோ சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அது வாங்குபவரைச் சென்றடையவில்லை. பெரிய செலவில்லாத இந்த ஒரு கட்டம், பல பக்க விற்பனை அட்டவணை மறைப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்களில் விற்பனையை விளைவாக மாற்றிக் காட்ட ஒரு கணக்கு உண்டு. ஒரு தம்பதிக்கு ஓராண்டு கருத்தரிப்பிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பை ஓர் அலகாக வைத்து, 120 ஆணுறைகள் அல்லது 15 சுற்று (ஒரு சுற்று என்பது ஒரு மாத அட்டை) கருத்தடை மாத்திரைகள் ஓர் அலகுக்குச் சமம் என்று இன்று பரவலாக எடுத்துக்கொள்கிறார்கள். வெவ்வேறு பொருள்களை ஒரே தராசில் நிறுத்த இது உதவுகிறது. வீணாகும் ஆணுறைகளுக்கும் விட்டுப்போகும் மாத்திரைகளுக்கும் தோராயமான கழிவும் அந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் உள்ளே போவது விநியோக எண்ணிக்கைதான் என்பதால், வெளியே வருவதும் விநியோக எண்ணிக்கையின் வேறொரு வடிவமே. முன்பு வேறொரு நிறுவனத்தின் மாத்திரையை முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர் மானிய விலை மாத்திரைக்கு மாறியிருந்தால், திட்டத்தின் கணக்கில் அலகுகள் கூடும். ஊரின் கருத்தடைப் பயன்பாட்டில் ஒரு புள்ளிகூட நகர்ந்திருக்காது. மானியம் தேவைப்படாதவருக்கு மானியம் போனதுதான் மிச்சம். அதனால்தான் ஒரு திட்டத்தின் பொருளை மட்டும் அளக்காமல், அரசின் இலவச விநியோகம், மானிய விற்பனை, தனியார் விற்பனை மூன்றும் சேர்ந்த மொத்தச் சந்தையையும் அளக்க வேண்டும் என்ற வாதம் வலுப்பெற்றது. நன்கொடையாளர்கள் தங்கள் பணத்தின் பலனைத் தனியே பார்க்க விரும்புவதால், மொத்தச் சந்தையை அளக்கும் செலவை ஏற்க யாரும் எளிதில் முன்வருவதில்லை என்பது வேறு கதை.

விலையைப் பற்றிய பகுதியில் இந்தத் துறை ஒரு நம்பிக்கையை நெடுங்காலம் சுமந்துகொண்டிருந்தது. இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிப்பதில்லை, சிறு தொகையாவது கொடுத்து வாங்கினால்தான் பயன்படுத்துவார்கள் என்பது அந்த நம்பிக்கை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். பொருளியலாளர்களான ஜெசிகா கோகனும் பாஸ்கலின் டுபாவும் மேற்குக் கென்யாவின் மகப்பேற்று முன்கவனிப்பு மையங்களில், வெவ்வேறு மையங்களுக்குக் குலுக்கல் முறையில் வெவ்வேறு விலைகளை ஒதுக்கி, கொசுவலைகளைக் கொடுத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, இலவசமாக இருந்த வலைக்கு 60 அமெரிக்கச் சென்ட் விலை வைத்தபோது பெற்றுக்கொள்வோர் அளவு 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகமாக அதைப் பயன்படுத்தவும் இல்லை. இதை வைத்து எல்லாப் பொருளையும் எல்லா இடத்திலும் இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட முடியாது. தான்சானியாவின் தெற்கே கிலோம்பெரோ, உலங்கா மாவட்டங்களில் 1997இல் தொடங்கிய கொசுவலைத் திட்டம் வலைகளை விற்றுத்தான் பரப்பியது. அங்கே கைக்குழந்தைகளிடையே பூச்சிமருந்து தோய்த்த வலைகளின் பரவல் மூன்றாண்டுகளில் 10 விழுக்காட்டுக்குக் கீழிருந்து 50 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. ஒரு மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளின் உயிர்பிழைப்பு 27 விழுக்காடு உயர்ந்ததோடு அந்த வலைகளுக்குத் தொடர்பு இருப்பதாக 2001இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தொடர்ச்சியான மக்கள்தொகைப் பதிவு அந்தப் பகுதியில் நடந்துகொண்டிருந்ததால்தான், எத்தனை வலை விற்றது என்பதிலிருந்து எத்தனை குழந்தைகள் பிழைத்தன என்பது வரை அவர்களால் போக முடிந்தது. பெரும்பாலான திட்டங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

என் பார்வையில் இந்த இரண்டு ஆய்வுகளும் கற்றுத் தருவது, விலை என்பதையே ஓர் அளவீடாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான். சமூகச் சந்தைப்படுத்தலின் கரு பரிமாற்றம்: ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றைப் பெறுவது. விட்டுக்கொடுப்பது காசாக மட்டும் இருப்பதில்லை. வரிசையில் நின்ற நேரம், கடையில் பெயர் சொல்லிக் கேட்கும் கூச்சம், கணவரிடமோ மாமியாரிடமோ சொல்ல வேண்டிய விளக்கம், வலைக்குள் படுக்கும்போது ஏற்படும் புழுக்கம் எல்லாம் அந்த விலையில் அடங்கும். விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பக்கம் பக்கமாக அளக்கும் வினாத்தாள்களில், அந்தப் பொருளைப் பெறுவதற்கு உங்களுக்கு எது சிரமமாக இருந்தது என்ற கேள்வி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், விடை எழுத ஒரு வரி இடத்தோடு, ஒடுங்கிக் கிடக்கும். அதைக் கேட்காத மதிப்பீட்டை விளம்பர மதிப்பீடு என்று அழைப்பதே பொருத்தம்.

விளம்பரத்தை அளப்பதும் எளிய காரியமில்லை. 'இந்த விளம்பரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?' என்று படத்தைக் காட்டிக் கேட்டால், பார்க்காதவர்களிலும் கணிசமானோர் ஆம் என்பார்கள். கேட்பவர் மனம் நோகக் கூடாது என்ற மரியாதை அதில் பாதி, உண்மையான குழப்பம் மீதி. இதைச் சமாளிக்க, ஒருபோதும் ஒளிபரப்பாகாத போலி விளம்பரம் ஒன்றையும் பட்டியலில் சேர்த்து, அதைப் பார்த்ததாகச் சொல்பவர்களின் அளவைக் கொண்டு மற்ற விடைகளைத் திருத்திக்கொள்வது ஒரு வழி. அமெரிக்காவில் இளைஞர்களிடையே புகைப்பழக்கத்துக்கு எதிராக 2000இல் நாடு முழுவதும் தொடங்கிய 'ட்ரூத்' பிரசாரத்தின் ஆய்வாளர்கள் வேறு வழியைக் கையாண்டார்கள். விளம்பரத்தின் தொடக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு, அடுத்து என்ன நடக்கிறது என்பதைச் சொந்தச் சொற்களில் சரியாகச் சொன்னவர்களை மட்டுமே பார்த்தவர்களாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை குறையும், ஆனால் மிஞ்சும் எண்ணை நம்பலாம்.

அடுத்தது நடத்தை. இங்கேதான் மதிப்பீட்டாளருக்கு உண்மையான சோதனை. கை கழுவுவது பற்றிக் கேட்டால் யாரும் கழுவுவதில்லை என்று சொல்வதில்லை. அதனால் கேட்பதை விட்டுவிட்டு, வீட்டில் சில மணி நேரம் உட்கார்ந்து கவனிப்பது மேலானது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். கவனிப்பதே நடத்தையை மாற்றிவிடுகிறதா என்று பங்களாதேஷில் சோதித்தபோது, சோப்புக் கட்டிக்குள் அசைவை உணரும் கருவியைப் பொருத்தி வீடுகளுக்குக் கொடுத்தார்கள். ஆய்வாளர் வந்து உட்கார்ந்திருந்த நாளில் சோப்பின் அசைவுகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தன. அந்தச் சோப்பு நம்மிடம் இல்லாத இடங்களில் செய்யக்கூடியது, கேள்வியைக் கூர்மையாக்குவதுதான். 'நீங்கள் ஆணுறை பயன்படுத்துவீர்களா?' என்ற கேள்வி ஒருவருடைய சுயமதிப்பைக் கேட்கிறது. 'கடைசியாக உடலுறவு கொண்டது எப்போது? அந்த முறை ஆணுறை பயன்படுத்தினீர்களா?' என்பது நடந்த ஒரு நிகழ்வைக் கேட்கிறது. அதேபோல் 'உங்கள் குழந்தை வலைக்குள் தூங்குமா?' என்பதைவிட 'நேற்று இரவு இந்த வீட்டில் யார் யார் எங்கே தூங்கினார்கள், ஒவ்வொருவருக்கும் மேலே வலை இருந்ததா?' என்பது பல மடங்கு பயனுள்ளது. கேள்வி நீள்கிறது, களப்பணியாளருக்கு நேரம் கூடுகிறது, மாதிரி அளவு சற்றுக் குறைகிறது. மூன்றையும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம்.

வழக்கம் மாறியது என்றே வைத்துக்கொள்வோம். மாற்றியது திட்டமா? திட்டம் நடந்த அதே ஆண்டுகளில் சிகரெட் விலை ஏறியிருக்கலாம், புதிய சட்டம் வந்திருக்கலாம், நோயின் அச்சமே மக்களை மாற்றியிருக்கலாம். நாடு முழுவதும் ஒளிபரப்பாகும் விளம்பரத்துக்கு ஒப்பீட்டுக் குழு கிடைப்பது கடினம். 'ட்ரூத்' ஆய்வு இதை எதிர்கொண்ட விதத்தை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. விளம்பரம் எல்லா ஊடகப் பகுதிகளிலும் ஒரே அளவில் ஒளிபரப்பாகவில்லை. சில பகுதிகளில் அதிகம், சிலவற்றில் குறைவு. அந்த ஏற்றத்தாழ்வையே அளவுகோலாக்கி, அதிகம் ஒளிபரப்பான இடங்களில் புகைப்பழக்கம் அதிகம் குறைந்ததா என்று, சிகரெட் விலை உள்ளிட்ட பிற காரணிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். 1999க்கும் 2002க்கும் இடையில் பள்ளி மாணவர்களிடையே புகைப்போர் அளவு 25.3 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அந்தச் சரிவில் ஏறத்தாழ 22 விழுக்காடுதான் பிரசாரத்தால் வந்தது என்று அவர்கள் கணித்தார்கள். முழுச் சரிவையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருந்தபோது ஐந்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்ட நேர்மைதான் அந்த ஆய்வுக்கு எடை சேர்க்கிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே நாட்டில் 1998இலிருந்து 2004 வரை, ஏறக்குறைய 100 கோடி டாலர் ஒதுக்கீட்டில், இளைஞர்களைப் போதைப்பொருளிலிருந்து விலக்கி வைக்க ஒரு பெரும் ஊடகப் பிரசாரம் நடந்தது. சென்றடைதலில் அதற்கு எந்தக் குறையும் இல்லை: 94 விழுக்காட்டு இளைஞர்கள் மாதம் ஒருமுறையாவது ஏதேனும் ஒரு போதை எதிர்ப்பு விளம்பரத்தைக் கண்டதாகச் சொன்னார்கள். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்துக்கு இதைவிடச் சிறந்த எண் கிடைக்காது. ஆனால் ஒரே இளைஞர்களைப் பல சுற்றுகளாகப் பின்தொடர்ந்து நடத்திய மதிப்பீட்டில் கஞ்சாப் பயன்பாடு குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. ஒரு சுற்றில், அதிகம் பார்த்தவர்களிடம் கஞ்சாவைத் தவிர்க்கும் எண்ணம் பின்னர் தளர்ந்திருந்தது. எல்லோரும் பயன்படுத்துவதால்தான் இத்தனை விளம்பரமோ என்று இளைஞர்கள் எண்ணியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று. சென்றடைந்ததை மட்டும் அளந்திருந்தால் இது வெற்றித் திட்டமாகவே வரலாற்றில் பதிவாகியிருக்கும். திட்டத்தால் தீங்கு நேர்ந்திருக்குமா என்று தேடும் குறியீடு, அதாவது அளந்து பின்தொடரும் எண், ஒன்றாவது ஒவ்வொரு மதிப்பீட்டுத் திட்டத்திலும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அப்படிக் கேட்கும்போது கூட்டத்தில் நிலவும் மௌனம் எனக்குப் பழகிவிட்டது.

சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும் ஏற்றத்தாழ்வையும் மறக்கக் கூடாது. பயன்பாடு மொத்தத்தில் உயர்ந்திருக்கும்போது, அந்த உயர்வு முழுவதும் ஏற்கெனவே வசதியுள்ளவர்களிடம் நிகழ்ந்திருக்கலாம். வீட்டுச் சொத்து விவரங்களைக் கொண்டு மக்களை ஐந்து அடுக்குகளாகப் பிரித்து, அடியடுக்கின் பயன்பாட்டை மேலடுக்கின் பயன்பாட்டால் வகுத்து வரும் விகிதத்தை ஆண்டுதோறும் கவனித்தால் போதும். கிலோம்பெரோ, உலங்காத் திட்டத்தில் இந்தக் கணக்கைப் பார்த்தபோது இடைவெளி சுருங்கியிருந்தது. எல்லாத் திட்டங்களிலும் அப்படி அமையும் என்று எதிர்பார்க்க முடியாது.

இத்தனையும் முடிவதற்குள் திட்டமே முடிந்துவிடும் என்ற குறை நியாயமானது. திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே திருத்திக்கொள்ள உதவுவது கண்காணிப்பு; அதற்குப் பெரிய கணக்கெடுப்பு தேவையில்லை. தொழிற்சாலைகளில் சரக்குத் தொகுதிகளின் தரம் பார்க்க 1920களில் உருவான சிறுமாதிரி முறை இன்று சுகாதாரத்தில் பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு மேற்பார்வைப் பகுதியிலும் 19 பேரைக் குலுக்கலில் தேர்ந்து கேட்டால், அந்தப் பகுதி குறித்த இலக்கை எட்டியதா இல்லையா என்று ஆம், இல்லை எனப் பிரித்துவிடலாம். துல்லியமான விழுக்காடு கிடைக்காது; ஆனால் அடுத்த மாதம் எந்தப் பகுதிக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்கத் துல்லியம் எதற்கு?

முடிவெடுப்பது என்ற அந்தச் சொல்லில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். திட்டத்துக்கு முந்தைய நிலையை அளக்கும் அடிநிலைக் கணக்கெடுப்பு தொடங்குவதற்கு முன்பே, ஒவ்வொரு குறியீட்டுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் வரைந்து, இந்த எண் இவ்வளவுக்குக் கீழே போனால் என்ன செய்வோம், அதை யார் செய்வார்கள் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிடும்படி கேட்பேன். எதிரே எழுத ஒன்றுமில்லாத குறியீடுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். பட்டியல் பெரும்பாலும் பாதியாகச் சுருங்கும், களப்பணியாளர்கள் வாழ்த்துவார்கள். முடிவு வந்த பிறகு இந்தக் கட்டங்களை நிரப்ப முயல்வது ஏன் பயனற்றது என்பதற்கும் அந்தப் போதை எதிர்ப்புப் பிரசாரமே சான்று. மதிப்பீட்டின் முடிவுகளை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், பிரசாரம் போதைப்பொருள் பயன்பாட்டைக் குறைத்ததற்குச் சான்றில்லை என்று 2006 ஆகஸ்டில் உறுதிசெய்து, பயனுள்ள வழி ஒன்று காட்டப்படும் வரை நிதியைக் கட்டுப்படுத்துவது பற்றி நாடாளுமன்றம் பரிசீலிக்கலாம் என்று பரிந்துரைத்தது. பிரசாரத்தை நடத்திய அலுவலகம் மதிப்பீட்டின் முறையைக் குறைகூறி அதன் முடிவுகளை ஏற்க மறுத்தது. எந்த எண் வந்தால் நிறுத்துவோம் என்பதை 1998இல் இரு தரப்பும் எழுதி வைத்திருந்தால், 2006இல் அந்த வாக்குவாதத்துக்கு அவ்வளவு இடம் இருந்திருக்காது.